இடக்கைச் சுண்டுவிரல்

என் கட்டைவிரலை மெஷினுக்குத் தெரியவில்லை.
ஆட்காட்டி விரலையும்.
"திரும்ப வையுங்கோ அன்ரி" என்றான் ஜெரோம்
சேட்டுக் கையால் கண்ணாடியைத் துடைத்து.
திரும்ப வைத்தேன். சிவப்பு.
கச்சேரியில் முப்பத்தாறு வருஷம்
ஓய்வூதியக் கோவைகளைப் புரட்டிப் புரட்டி
ரேகை தேய்ந்துவிட்டதாம்.
கடைசியில் இடக்கைச் சுண்டுவிரல் பிடிபட்டது,
ஒரு கடதாசியையும் தொட்டறியாத விரல்.
பச்சை.
உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் தாங்க் யூ என்றது.

கொட்பே ஐஸ் பக்டரி. விடிய நாலரைக்கு வேலை.

பிரியாவிடையில் தந்தது சுவர்க்கடிகாரம்.
எல்லாருக்கும் அதுதான்.
அதற்குக் காசு சேர்த்தவள் பல வருஷம் நானே.
இனி நேரம் பார்க்கத் தேவையில்லாத ஆளுக்கு
ஏன் இது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.
எட்டு மாதம் ஹோலில் அதற்குக் கீழே இருந்தேன்.
காலை பத்து மணி எவ்வளவு பெரியது என்று
அதற்கு முன் எனக்குத் தெரியாது.
மீன்காரன் போய்விடுவான். உடுப்புக் காய்ந்துவிடும்.
பிறகும் பத்தேகால்.

ஏன் திரும்ப வேலைக்கு என்று கேட்பவர்களுக்கு
காஸ் விலை, மா விலை, கூரை ஒழுக்கு என்கிறேன்.
கனகசபேசனிடம் பொழுது போகவில்லை என்கிறேன்.
இரண்டும் பொய்யில்லை.
இரண்டையும் கூட்டினாலும் மொத்தம் வரவில்லை.
அவர் ஹெல்மெட்டை மாட்டியபடி
"இந்த வயசில ஐஸுக்குள்ள" என்று தொடங்கி
உவர்மலை இறக்கம் முடியும்வரை புறுபுறுப்பார்.
ஸ்கூட்டரை எடுக்க ஒருநாளும் பிந்தியதில்லை.

ஒரு பாளம் ஐம்பது கிலோ.
டின்னிலிருந்து வழுக்கிச் சீமெந்தில் இறங்கும்போது
யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்.
உடனே எழுத வேண்டும்.
கச்சேரியில் என் எழுத்து
ஆள் செத்த பிறகும் இருந்தது, விதவைக்கு, பிள்ளைக்கு.
இங்கே விடிய எழுதினது
மத்தியானம் மீனுக்கடியில் தண்ணீர்.
இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று
இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

போன வியாழன் ஜன்னலில் ஒரு முகம்.
பலநாள் படகுக்குப் பன்னிரண்டு பாளம்.
"மிஸ் தானே? பென்ஷன் மிஸ்?"
இங்கே என்னை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை.
கிண்ணியா. வாப்பா நீர்ப்பாசனத் திணைக்களக் காவலாளி.
பிறப்புப் பத்திரத்தில் அலியார்,
சேவைப் பதிவில் அலியாரு.
அந்த ஒரு உகரத்துக்காகக்
கோவையை இரண்டு தரம் திருப்பி அனுப்பினேன்.
பதினான்கு மாதம்.
சத்தியக்கடதாசி ஒன்று போதும் என்று
எனக்குத் தெரியும்.
கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்.
அந்த மனுஷன் கேட்கவில்லை.
கதிரை நுனியில் இருந்து, தொப்பியை மடியில் வைத்து,
சரி மிஸ் என்றுவிட்டுப் போவார்.

பேனையைத் திறந்து
"பேர் எப்படி எழுதுற?" என்றேன்.
வேறு என்ன கேட்பது.
"எப்படி எழுதினாலும் சரி மிஸ்" என்றான் மகன்,
"ஐஸ்தானே."
காசை எண்ணி வைத்தான். ரூபாய் பிசகவில்லை.
"வாப்பா?" என்று நான் வாயெடுக்க
கிரஷர் ஓடத் தொடங்கியது.
அவன் கையை மேலே தூக்கினான்.
வானத்தைக் காட்டினானா,
பெடியனுக்கு ஐஸை ஏற்றச் சொன்னானா
தெரியவில்லை.
பற்றுச்சீட்டில் படகு இலக்கம் மட்டும் எழுதினேன்.
பெயருக்கான கோடு வெறுமையாகக் கிடக்கிறது.

கடிகாரத்தை இப்போது பக்டரியில் மாட்டியிருக்கிறேன்.
குளிரில் கண்ணாடிக்குள் ஆவி பிடித்து
முள் இரண்டும் மறைந்துவிட்டன. சத்தம் மட்டும் வரும்.

நேற்று வேலை முடிந்து வந்தேன்.
பஸ் நிலையத்தடியில் மான்கள்
லொத்தர்ச் சீட்டுத் தின்றுகொண்டு நின்றன.
ஒன்று நிமிர்ந்து என் கையை மணந்து பார்த்து
ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டது.
சுண்டுவிரல் இன்னும் விறைப்பு.
நாளைக்கும் அது வேண்டும்.
சேலைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டு நடந்தேன்.